நான் புடைத்துக் கெடுத்த வரகு

கோட்டுச்சேரிச் சாலையில் நான் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். முப்பதடி பின்னால் ஒரு பெண் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள். நான் நின்று மூச்சு வாங்கினால் அவளும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தாள். மார்கழி மாதத்துச் சாயங்காலம். இரண்டு பக்கமும் பயிர். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் வரப்பில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்திருப்பார்கள். இல்லை என்று விளக்கிச் சொல்ல நான் நிற்கவில்லை.

அவள் பெயர் பாக்கியம். ஏழு நாள் போலீஸ் சாவடியில் அடைபட்டுக் கிடந்து, ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் வெளியே வந்தவள். அவள் உள்ளே கிடந்ததற்கு நான் ஒரு காரணம். வெளியே வந்ததற்கும் நான் ஒரு காரணம். அவளுக்கு முதல் காரணம் மட்டும்தான் நினைவில் இருந்தது.

நான் கடைசியாகப் பார்த்த வேலை தானியக் கிடங்கில் மாதிரி எடுப்பது. இருபது வருஷத்துக்கு மேல் அதைச் செய்து ஓய்வு பெற்றேன். அந்தக் கிடங்குக்கு இப்போது ஓர் ஊதா விளக்கு வந்திருக்கிறது. அதன் கீழே வேர்க்கடலையைப் பரப்பினால், கெட்ட பூசணம் பிடித்த பருப்பு சில சமயம் மின்னுமாம். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள், "அந்தக் காலத்துல எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். கோழியை வைத்து என்றேன். சிரித்தார்கள். சிரித்தவர்களுக்காக எழுதுகிறேன்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு வாத்தியாரை எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இரண்டு பேரில் நான் கிளம்பிப் போவதுதான் சுலபமாக இருந்தது. ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தைத்தேன். குண்டு விழுந்தபோது எல்லோரோடும் நடந்து திரும்பினேன். வழியில் என்னோடு நடந்தவர்களில் பாதிப் பேர் வந்து சேரவில்லை. அப்புறம் கும்பகோணத்தில் ஒரு தானிய மண்டி, மாயவரத்தில் ஒரு மண்டி, இடையில் ஒரு சர்க்கஸில் யானைக்குத் தழை வெட்டும் வேலை. அதுவரை எந்த இடத்திலும் இரண்டு பொங்கலுக்கு மேல் இருந்ததில்லை.

மண்டியில் நான் கற்ற தொழில் ஒன்றுதான். குத்தூசி என்று ஒன்று உண்டு. ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழல், ஒரு பக்கம் கூராக இருக்கும். மூட்டையில் குத்தினால் குழல் வழியே தானியம் கைக்கு வரும். அதை வாங்க வந்தவர்களிடம் காட்ட வேண்டும். காட்டுவதற்கு முன் முறத்தில் போட்டுப் புடைத்து, சொத்தையும் பதருமான கருக்காயைப் பொறுக்கி, உள்ளங்கையில் தேய்த்துத் தூசி ஊதி, முகம் கழுவிய பிள்ளை மாதிரி ஆக்க வேண்டும். அழுக்கு மாதிரியைக் கொண்டுபோய் நீட்டினால் முதலாளி முதுகில் அறைவார். நான் அறை வாங்கியது முதல் வாரம் மட்டும்தான். அதற்கப்புறம் என் கைப்பிடி மாதிரியைப் பார்த்து மயங்காத வியாபாரி இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், காரைக்காலுக்கு வரும்வரை.

காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பழைய சரக்குக் கொட்டகையில் பாதியைத் தடுத்து, தானியத்தில் பிடிக்கும் பூசணத்தை ஆராய ஓர் அறை வைத்திருந்தார்கள். குத்தூசி பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் இடுக்கியால் அரிசியை எண்ணிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க. எண்பத்தேழுல இருக்கேன்" என்றார்.

பெயர் அருளப்பன். எல்லோரும் பிரெஞ்சு முறையில் முசே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு இருபத்தாறு வயது, எனக்கு முப்பத்திரண்டு. மதியச் சாப்பாடு அவருடைய அம்மா கொடுத்தனுப்புவார். அந்தத் தூக்குவாளியில் 'சூடாக இருக்கும்போதே சாப்பிடு' என்று எழுதிய சீட்டும் வரும். முசே அதைப் படித்துவிட்டு ஆறியபின்தான் சாப்பிடுவார். எண்ணுவது பிரெஞ்சில், பேசுவது நம் ஊர்த் தமிழில். யாரையும் நீ என்று சொன்னதில்லை. சோதனைக்காக நான்கு கோழிகள் வளர்த்தார். அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பெயர். தீனி வைக்கும்போது, "வாங்க மூணு, நேத்து சரியா சாப்பிடலையே நீங்க" என்பார். கேலிக்காக அல்ல. அவருக்கு வேறு மாதிரி பேச வராது.

வேலை முறை இதுதான். ஒவ்வொரு மூட்டையிலும் ஐந்து இடத்தில் குத்த வேண்டும்: நான்கு மூலை, ஒரு நடு. ஐந்தையும் கலந்து இரண்டு காகிதப் பையில் போட்டு அரக்கு முத்திரை வைக்க வேண்டும். ஒரு பை பெட்டியில் பத்திரமாக இருக்கும். இன்னொரு பையிலிருந்து முசே நூறு மணி எடுப்பார். கண்ணாடித் தட்டில் ஈரக் காகிதம் விரித்து, ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி மூடி வைப்பார். ஐந்தாம் நாள் திறந்து, நூறில் எத்தனை மணி பூசணம் பூத்திருக்கிறது, பச்சையா கறுப்பா மஞ்சளா என்று நோட்டில் எழுதுவார். மீதியை இடித்துக் கோழிக்கு வைத்துப் பார்ப்பார். பூசணம் என்றால் துடைத்துவிட்டுத் தின்னலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சில பூசணம் தானியத்துக்குள்ளே விஷத்தை வைத்துவிட்டுப் போகிறது, துடைத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது என்பது முசேயின் சந்தேகம். சந்தேகம் என்றுதான் சொல்லுவார். "தெரியுமா முசே?" என்று கேட்டால், "இன்னும் தெரியாது" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும்.

பூசணத்தைக் குறைக்க வழியும் சொல்லுவார். மூட்டையைத் தரையில் போடாதீர்கள், பலகை மேல் அடுக்குங்கள். சுவரை ஒட்டாதீர்கள். பல்லில் கடித்தால் கடக்கென்று உடையும்வரை காயவையுங்கள். இதைச் சொல்லத் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பெரிய கிடங்குக்குப் போனோம். கிடங்குக்காரர் வயசான மரைக்காயர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, மூட்டைக்குக் கட்டில் போடச் சொல்றீங்க. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கே நான் இன்னும் கட்டில் போடலையே" என்றார்.

"மாப்பிள்ளைக்குப் பூசணம் பிடிக்காதுங்க" என்றார் முசே, வெகு தீவிரமாக.

மரைக்காயர் சிரித்து முடிக்க நேரமானது. மறுமாதம் போனபோது பலகை போட்டிருந்தார்.

கொடி மாறியது. முத்திரை மாறியது. மேஜையும் கோழிகளும் அப்படியேதான் இருந்தன. நானும் இருந்தேன், அதுதான் அதிசயம். எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. இரண்டு வருஷத்து நோட்டுகளை வைத்து முசே ஒரு பெரிய கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்துக் கிடங்குகளில் பூசணம் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு, கடல் காற்றில் உள்ள உப்பு அதை அடக்குகிறதோ என்னவோ என்பது அதன் சாரம். எனக்கும் பெருமையாக இருந்தது. டீக்கடையில் கடல் காற்றைப் பற்றி நானே நாலு பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

அப்போதுதான் வரிச்சிக்குடி விவகாரம் வந்தது.

பாக்கியம் அங்கே வாய்க்கால் மதகுப் பக்கம் கஞ்சிக்கடை வைத்திருந்தாள். களையெடுக்கிற ஆட்கள் காலையில் அவளிடம்தான் குடிப்பார்கள். அந்த வருஷம் மழை மிஞ்சிப்போய் அரிசி கிடைக்கவில்லை. மேற்கேயிருந்து வண்டியில் வந்த புது வரகு ஒரு மூட்டை வாங்கியிருந்தாள். வண்டிக்காரன், "இது மழையில அறுத்தது. அஞ்சாறு மாசம் போட்டு வச்சு சித்திரைக்கு மேல தின்னுங்க" என்று சொல்லியிருக்கிறான். நெல்லைத் தின்று வளர்ந்த ஊர், வரகின் குணம் யாருக்குத் தெரியும்? விற்கிறவனே தின்னாதே என்கிறான், பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டாளாம்.

முந்தின நாள் ஆட்களின் மேஸ்திரி, கஞ்சி தண்ணியாக இருக்கிறது என்று குறை சொல்லியிருக்கிறார். அவள், "என் கஞ்சியைக் குறை சொன்ன வாயெல்லாம் கோணிக்கிட்டுப் போகும்" என்று சத்தம் போட்டிருக்கிறாள். மறுநாள் காலை கஞ்சி குடித்த பதினொரு பேருக்கும் தலை சுற்றி, கைகால் நடுங்கி, நாக்கு குழறியது. வாந்தி எடுத்துவிட்டு வரப்பிலேயே படுத்தார்கள். ஒரு கிழவர் வாய்க்காலில் விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டார். மேஸ்திரிக்கு வாய் உண்மையிலேயே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பாக்கியம் விடியற்காலையில் பழைய சோறு தின்றுவிட்டு வந்தவள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போதாதா? கஞ்சியில் ஊமத்தங்காய் அரைத்துப் போட்டாள் என்று பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். அடுப்பையும் உடைத்தார்கள்.

எல்லோரும் மறுநாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் வழக்கு வழக்குதான். விஷம் வைத்தவள் என்று ஆகிவிட்டால் புதுச்சேரிக்கு அனுப்புவார்கள், எத்தனை வருஷமோ. தானியத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சாவடியிலிருந்து எங்களுக்கு ஆள் வந்தது. நான் போய் மூட்டையில் ஐந்து இடம் குத்தி மாதிரி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அன்று மாலையே ஊர்க்காரர்கள் மூட்டையை வாய்க்காலில் கொட்டிவிட்டார்கள்.

ஐந்து நாள் கழித்து முசே தட்டைத் திறந்தார். நூறில் நான்கு மணிதான் பூத்திருந்தது. கோழிகள் நான்கும் சாப்பிட்டுவிட்டுக் கொழுகொழு என்று நின்றன. முசே அந்த நூறு மணியையும் மறுபடி எண்ணினார். பிறகு, தானியத்தில் குற்றம் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைச் சாவடிக்குக் கொண்டுபோனவன் நான்தான்.

ஏட்டு காகிதத்தைப் படித்துவிட்டுக் கம்பிக்குப் பின்னால் பார்த்து, "என்ன பாக்கியம், வரகு நல்ல வரகாம். இப்பவாவது சொல்லு" என்றார்.

"நல்ல வரகா? யாருங்க சொன்னது?" என்று அவள் கம்பியருகே வந்தாள். "நான் செஞ்ச தப்பைச் சொல்றேன், எழுதிக்குங்க. அன்னிக்கு மழை. முறத்துல போட்டு ரெண்டு தட்டு தட்டக்கூட நேரமில்ல. கருக்காயும் கறுப்புமா அப்படியே உரல்ல போட்டு இடிச்சுட்டேன். சோம்பேறிச் சிறுக்கின்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். விஷம் வச்சவள்னு எழுதாதீங்க."

கருக்காயும் கறுப்புமாக. நான் முசேயிடம் கொடுத்த மாதிரியில் ஒரு கருக்காய் கிடையாது. கொட்டகை முற்றத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் புடைத்து, பொறுக்கி, ஊதி, முகம் கழுவி அனுப்பியிருந்தேன்.

கொட்டகைக்கு ஓடினேன். வாசலில் காவல்காரர் மனைவி சவரியம்மா நின்றாள். ஐந்து நாளாக அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீ முத்தத்துல கொட்டின குப்பையைத் தின்னுதான் என் கோழியெல்லாம் கெடக்கு" என்று சண்டைக்கு வந்துகொண்டிருந்தாள். உன் கோழிக்கு வாதம் என்று நான் சிரித்துக்கொண்டே போவேன்.

"அக்கா, உங்க கோழி எப்படிக் கெடந்துச்சு?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் விசாரிக்க வாய் வந்துச்சா? கழுத்து ஆடுச்சு. காலு பின்னிக்கிட்டே நடந்துச்சு. உன் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் தண்ணி ஊத்தினேன்."

"அந்தக் குப்பை மிச்சம் இருக்கா?"

"இருக்கு. உன் மூஞ்சியில வீசணும்னு சிரட்டையில எடுத்து வச்சிருக்கேன்."

வாழ்க்கையில் என் மீது கோபம் கொண்டவர்களுக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

சிரட்டையை வாங்கிக்கொண்டு முசே முன்னால் போய் நின்றேன். விளக்கு வைக்கும் நேரம். விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்தார்.

"எவ்வளவு நேரம் புடைச்சீங்க?"

"கை திருப்தியா இருக்கிற வரைக்கும், முசே."

"இந்த வரகை மட்டுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் வந்திருப்பேனா என்று தெரியாது.

"எல்லாத்தையும்தான் முசே."

"எல்லாம்னா?"

"இங்க வந்த நாள்லேர்ந்து. உங்க முன்னால அழுக்கா எதையும் வச்சது இல்லை."

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். இரண்டு வருஷத்து நோட்டுகள், பச்சை அட்டை போட்டவை. ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். எதையும் திறக்கவில்லை. கடைசியாகக் கடல் காற்றுக் கட்டுரையை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதன் மேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகம் மாதிரி இருந்தது.

"குத்தூசியை நீங்க பிடிக்கிற அழகைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறம் என்ன செய்யறீங்கன்னு ஒரு நாள்கூட முத்தத்துக்கு வந்து பார்க்கலை" என்றார். மறுபடி பேனாவை எடுத்து, "அது என் தப்பு. அதையும் எழுதணும்" என்றார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். சிரட்டையில் இருப்பதைக் காய்ச்சி ஏட்டு முன்னால் நானே குடித்துவிடுகிறேன், விழுந்தால் வழக்கு முடிந்தது.

"முடியாது. மனுஷங்க மேல சோதனை செய்யக் கூடாது."

"கோழி மேல செய்யறீங்களே."

"அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் செய்யறேன்" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை நான்கு கோழிகளையும் கூடையில் தூக்கிக்கொண்டு சாவடிக்குப் போனோம். ஏட்டு வாசலிலேயே மறித்தார்.

"என்னங்க முசே, சாட்சிங்களா?"

"ஆமாங்க. ஆனா இவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

முசே இரண்டு தம்ளர் மாவை நீட்டினார். ஒன்று நான் புடைத்த மாதிரி, பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த இரண்டாம் பையிலிருந்து எடுத்தது. இன்னொன்று சிரட்டை. எது எது என்று ஏட்டிடம் மட்டும் சொன்னார். இரண்டு கோழிக்கு இது, இரண்டு கோழிக்கு அது, எந்தக் கோழிக்கு எது என்று ஏட்டே முடிவு செய்ய வேண்டும். சிரட்டை மாவு தின்றதற்குச் சிவப்பு நூல், மற்றதற்கு வெள்ளை நூல், சிறகுக்கு அடியில் வெளியே தெரியாமல் கட்ட வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. அதுவரை முசேயும் நானும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். ஏட்டுக்கு முதலில் சிரிப்பு. நூல் கையில் வந்ததும் ஆள் மாறிவிட்டார். கான்ஸ்டபிளைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. "தள்ளி நில்லுடா, ரகசியம்" என்று விரட்டினார்.

முசே அரை மணிக்கு ஒரு தரம் எழுதினார். 'எட்டரை: நால்வரும் நலம்.' 'ஒன்பது: நால்வரும் நலம். நம்பர் நான்கு கொட்டாவி விட்டார்.' உள்ளேயிருந்து பாக்கியம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோழிகளையே பார்த்தாள். அவளுடைய மிச்ச வாழ்க்கை அந்த எட்டுக் கால்களின் மேல் நின்றது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், கோழிகளுக்கு மட்டும் தெரியாது. ஒன்பதரை மணிக்கும் நால்வரும் நலமாகவே இருந்தார்கள்.

பத்து மணிக்கு இரண்டாம் நம்பர் உட்கார்ந்தது. சும்மா உட்கார்ந்திருக்கலாம். பத்தேகாலுக்கு எழ முயன்றது. கால் இரண்டும் இரண்டு பக்கம் போயின. கழுத்து ஆட ஆரம்பித்தது. கொஞ்சம் கழித்து மூன்றாம் நம்பர் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றது.

"மேஸ்திரி நின்னது அப்படியேதான்!" என்று ஏட்டு கத்தினார். ஓடிப்போய் நான்கின் சிறகையும் தூக்கிக் காட்டினார். இரண்டுக்கும் மூன்றுக்கும் சிவப்பு. ஒன்றும் நான்கும் வெள்ளை நூலோடு சாவடி முற்றத்தைக் கிளறிக்கொண்டிருந்தன.

பாக்கியம்தான் முதலில் பேசினாள். "பார்த்துக்கிட்டே நிக்கறீங்களே, வாழைத்தண்டை இடிச்சுச் சாறு விடுங்களேன், பாவம்!" கான்ஸ்டபிள் வாழைத்தண்டு தேடி ஓடினான்.

முசே அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது அறிக்கை எழுதினார். முதல் அறிக்கை தவறு என்று தொடங்கியது அது. மாதிரி எப்படிக் கெட்டது, யார் கவனிக்கவில்லை என்பதெல்லாம் அதில் இருந்தது. கவனிக்காதவர் என்று தன் பெயரைத்தான் எழுதியிருந்தார். மேலதிகாரி வந்து கையெழுத்துப் போட நான்கு மணி ஆனது. பாக்கியத்தைப் பார்த்து முசே எழுந்து நின்று, "மதாம், எங்களை மன்னிக்கணும்" என்றார். அவளை அதுவரை யாரும் மதாம் என்று சொன்னதில்லை. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் என் பக்கம் திரும்பினாள். அங்கே அவளுக்கு வார்த்தை கிடைத்தது.

நான் முசேயிடம் குத்தூசியைக் கொடுத்தேன்.

"நான் உங்களைப் போகச் சொல்லலையே" என்றார்.

"நான் இருந்தா உங்க மூணாவது வருஷத்து நோட்டையும் யாரும் நம்ப மாட்டாங்க முசே."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. ஆனால் கையில் நோட்டு இருந்தது.

"ஒரு விஷயம். புடைச்சதைத் தின்ன கோழிங்க ரெண்டு வருஷமா நல்லா இருந்தாங்க. கழிச்சதைத் தின்னவங்கதான் விழுந்தாங்க. அப்படின்னா விஷத்துல பெரும்பங்கு கருக்காயிலதான் இருக்கு. முறம் அதை வெளியேத்துது."

"ரெண்டு வருஷம் ஆராய்ஞ்சு முறத்தைக் கண்டுபிடிச்சிருக்கோமா, முசே?"

அவர் சிரிக்கவில்லை. அதை எழுதிக்கொண்டார். "இன்னும் தெரியாது" என்றார்.

இப்படித்தான் நான் கோட்டுச்சேரிச் சாலைக்கு வந்தேன். தரங்கம்பாடி வழியாக எங்காவது போகலாம் என்று எண்ணம். எங்கே என்று முடிவு செய்து நான் எப்போதும் கிளம்பியதில்லை. ஒரு சின்னப் பாலத்தருகே எனக்கு மூச்சு முட்டிக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். பாக்கியம் வந்து எதிரே நின்றாள்.

"யோவ் ஊசிக்காரரே! ஏழு நாளு. எங்க ஓடறீங்க?"

"ஓடலை. போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். அடுப்பை உடைச்சுட்டாங்க. அதை யாரு போடறது? நாளைக்கு நான் கஞ்சி வச்சா எவன் வருவான்? வரகு கெட்டதுன்னு சாவடியில எழுதிட்டாங்க சரி, அந்தக் காகிதத்தைப் பானையில ஒட்டியா வச்சிருக்க முடியும்? என் கையைப் பார்த்தாலே அவனவன் வயித்தைப் பிடிச்சுக்குவான்."

இவள் சொல்வது சரிதான். நிரூபித்தது கோழிக்குத்தான். கஞ்சி குடிக்கப் போகிறவர்கள் மனுஷர்கள்.

"சுத்தமாப் புடைப்பீங்களாமே. சாவடியில அத்தனை பேரும் சொன்னாங்க" என்றாள். "வாங்க, வந்து ஊர் பார்க்கப் புடைங்க. முதல் குவளையும் நீங்கதான் குடிக்கணும். அவங்க பார்க்கட்டும். சம்பளம் கஞ்சிதான். எத்தனை நாள்னு கேக்காதீங்க, அவங்க பயம் தெளியற வரைக்கும்."

நான் வடக்கே பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. எழுந்து அவளோடு வரிச்சிக்குடிக்குத் திரும்பினேன். வழி நெடுக அவள் திட்டிக்கொண்டுதான் வந்தாள், ஆனால் இப்போது பக்கத்தில் நடந்துகொண்டு. அன்று மாலையே இரண்டு பேருமாக மண் குழைத்து அடுப்புப் போட்டோம்.

மறுநாள் விடிந்ததும் மதகடியில் முறத்தோடு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் வாங்கிய போன வருஷத்துப் பழைய வரகு. முசே முற்றத்துக்கு வந்து பார்க்காத வேலையை வரிச்சிக்குடியே வந்து பார்த்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேஸ்திரியும் களையாட்களும் கையில் குவளையோடு வரிசையாக நின்றார்கள். ஒருவரும் மதகுப் பாலத்தைத் தாண்டவில்லை. புடைத்தேன். கழிந்ததை எறியவில்லை. ஒரு தட்டில் போட்டு அவர்கள் பக்கம் சாய்த்துக் காட்டினேன். பாக்கியம் இடித்தாள், காய்ச்சினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பயமாக இருந்திருக்கும்.

முதல் குவளையை வாங்கிக் குடித்தேன். கொஞ்சம் தண்ணியாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் என் கண்ணைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள். வெகுநேரம் ஆனது.

"எழுந்திருங்க பார்ப்போம்" என்றார் மேஸ்திரி.

எழுந்தேன்.

"நடங்க."

வரப்பு மேல் அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வந்தேன்.

"ஏதாவது பேசுங்க. நாக்கு குழறுதான்னு பார்க்கணும்."

"மேஸ்திரி, கஞ்சி ஆறுது" என்றேன்.

பின்னாலிருந்து கணுக்கால் பிசகிய கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு எல்லோரையும் விலக்கினார். "எனக்குப் பசிக்குதுடா" என்று பாலத்தைத் தாண்டி வந்து குவளையை நீட்டினார். பாக்கியம் அவருக்கு விளிம்புவரை ஊற்றினாள்.